செம்பனை விட்டுச் செல்லும் முன்

அன்பு மகளுக்கு,

நீங்கள் மூவரும் ஒரு மாதம் வெளிநாடு போவது உறுதியாகிவிட்டது என்று மாப்பிள்ளை சொன்னார். மிகவும் மகிழ்ச்சி. அந்த நாட்களில் உங்கள் நாய் செம்பனை, நாய்களைத் தங்கவைத்துப் பயிற்சியும் சேர்த்துத் தரும் விடுதி ஒன்றில் விடப்போவதாகவும், திரும்பி வரும்போது வாரை இழுக்காத, வந்தவர்மேல் பாயாத, சொன்ன பேச்சு கேட்கும் நாயாக அவனைத் தந்துவிடுவார்களாம் என்றும் சொன்னார். அதைக் கேட்டதிலிருந்து மனம் அதிலேயே நிற்கிறது. தொலைபேசியில் பேசினால் பாதியில் பேரன் உன்னை இழுத்துக்கொண்டு போய்விடுவான். அதனால்தான் எழுதுகிறேன். நிதானமாகப் படி.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். செம்பனை நல்ல விடுதியில் விட்டுச் செல். பயிற்சியை மட்டும் அவர்களிடம் ஒப்படைக்காதே. அதை நீயும் மாப்பிள்ளையும் வீட்டிலேயே செய்யுங்கள், கிளம்பும் முன்பும் திரும்பிய பின்பும். என்னிடமே விட்டுப் போ என்று சொல்லத்தான் மனம் துடிக்கிறது. ஆனால் அவன் ஒரு இழுப்பு இழுத்தால் என் மூட்டு தாங்காது. என் கைப்பிடி நழுவி அவன் சாலைக்கு ஓடினால் என்ன ஆவது?

ஏன் இப்படிச் சொல்கிறேன் என்றால், நாய் கற்பது இடத்தோடும் ஆளோடும் ஒட்டிக்கொள்ளும். கூடத்தில் "உட்கார்" என்றதும் உட்காரும் நாய், தெருவில் அதே சொல்லைக் கேட்டு விழித்துக்கொண்டு நிற்கும். அது திமிர் இல்லை. சொல்லும் ஆளின் குரல், அவர் நிற்கும் விதம், காலடியில் உள்ள தரை, சுற்றிலும் உள்ள மணம் எல்லாம் சேர்ந்ததுதான் அதற்குப் பாடம். அதில் ஒன்று மாறினாலும் பாடம் மாறிவிடுகிறது. வேறொரு வளாகத்தில், வேறொரு மனிதரிடம் செம்பன் எவ்வளவு அழகாகக் கற்றாலும், உன் வீட்டு அழைப்பு மணி அடித்ததும் பழைய செம்பனாகத்தான் கதவுக்குப் பாய்வான். நேர்மையான பயிற்சியாளர்கள் இதை மறைப்பதில்லை. நாயைத் திருப்பித் தரும்போது வீட்டாரையும் வரவழைத்து, பல அமர்வுகள் கூடவே இருந்து சொல்லித் தருவார்கள். நீயோ பயணக் களைப்போடு வந்து இறங்குவாய். மறுநாளே பேரனுக்குப் பள்ளி, உனக்கு அலுவலகம். எப்படியும் நீதான் கற்றுத்தர வேண்டும் என்றால், அவனை அந்நிய இடத்தில் வைத்துப் பாடம் நடத்த வேண்டிய அவசியம் என்ன?

இதைவிட என்னைக் கவலைப்பட வைப்பது இன்னொன்று. குறித்த நாளுக்குள் நாயை மாற்றித் தருகிறோம் என்று வாக்குக் கொடுத்தவருக்கு அவசரம் இருக்கும். அந்த அவசரத்துக்கு மிக எளிய வழி வலி. கழுத்தை இறுக்கும் சங்கிலி, உள்பக்கம் முள் வைத்த பட்டை, மின் அதிர்ச்சி கொடுக்கும் பட்டை. பல நாடுகளில் உரிமமோ தேர்வோ இல்லாமலே ஒருவர் தன்னை நாய்ப் பயிற்சியாளர் என்று சொல்லிக்கொள்ளலாம். நீ பார்க்காத இடத்தில், பார்க்காத நேரத்தில் நடப்பதை யார் வந்து சொல்வார்கள்? செம்பன் சொல்ல மாட்டான்.

எனக்குத் தெரிந்த ஒரு வீட்டு நாய் அப்படி ஒரு பயிற்சிக்குப் போய் வந்தது. வீட்டார் பூரித்துப்போனார்கள். குரைக்கவில்லை, பாயவில்லை, மூலையில் படு என்றால் படுத்தது. நான் போயிருந்தபோது கவனித்தேன். கொடியில் இருந்த வாரை எடுக்க அந்த வீட்டுப் பையன் கையை உயர்த்தினான், அவ்வளவுதான். நாய் தலையைத் தாழ்த்தி, காதைப் பின்னுக்கு ஒட்டி, உதட்டை நக்கிக்கொண்டு, கண்ணின் வெள்ளை தெரியப் பக்கவாட்டில் பார்த்தது. அதற்கு முன் வாரைக் கண்டால் வட்டமடிக்கும் நாய் அது. அடங்கிய நாய்க்கும் அஞ்சிய நாய்க்கும் உள்ள வேறுபாடு அந்த வீட்டில் யார் கண்ணிலும் படவில்லை.

இது என் மனப்பிரமை என்று நினைக்காதே. 1967-இல் மார்ட்டின் செலிக்மன், ஸ்டீவன் மேயர் என்ற இரு உளவியலாளர்கள் நாய்களை வைத்துச் செய்த சோதனையில், தப்பவே வழியில்லாமல் மின் அதிர்ச்சி பெற்ற நாய்களில் பல, பின்னர் தாண்டித் தப்பிக்க வழி இருந்தபோதும் முயலாமல் அப்படியே படுத்துக் கிடந்தன. எதைச் செய்தும் பயனில்லை என்று கற்றுக்கொண்டுவிட்டன. கொடுமையான சோதனைதான். ஆனால் பயத்தால் வந்த அமைதி எப்படிப்பட்டது என்பதை அது காட்டிவிட்டது. 2020-இல் போர்ச்சுகலில் 92 வீட்டு நாய்களை வைத்து ஓர் ஆய்வு வெளியானது. வலியும் மிரட்டலும் கலந்த பயிற்சி பெற்ற நாய்களுக்குப் பயிற்சி வேளையில் பதற்றம் அதிகம், மன அழுத்த ஹார்மோனும் அதிகம். ஒரு பக்கம் வைத்தால் உணவுள்ள கிண்ணம், மறுபக்கம் வைத்தால் வெறுங்கிண்ணம் என்று பழக்கிவிட்டு, நடுவில் ஒரு கிண்ணத்தை வைத்துப் பார்த்தார்கள். பரிசு கொடுத்துப் பழக்கப்பட்ட நாய்கள் நம்பிக்கையோடு ஓடின. மிரட்டிப் பழக்கப்பட்டவை தயங்கித் தயங்கிப் போயின. பயிற்சிக் கூடத்துக்கு வெளியிலும் அவற்றின் எதிர்பார்ப்பு சுருங்கிப் போயிருக்கிறது. வேல்ஸ் நாடு 2010-இலேயே மின் அதிர்ச்சிப் பட்டையைத் தடை செய்துவிட்டது.

"நாய்க்குத் தலைவன் யார் என்று காட்ட வேண்டும்" என்று யாராவது சொன்னால் அங்கிருந்து எழுந்து வந்துவிடு. அந்தப் பேச்சின் வேர், 1947-இல் ருடால்ஃப் ஷென்கல் என்ற ஆய்வாளர், அடைத்து வைக்கப்பட்ட ஓநாய்கள் தலைமைக்காக மோதிக்கொள்வதைப் பார்த்து எழுதியதில் இருக்கிறது. காட்டில் வாழும் ஓநாய்க் கூட்டம் பெரும்பாலும் தாய், தகப்பன், பிள்ளைகள் கொண்ட குடும்பம்தான் என்று ஓநாய் ஆய்வாளர் டேவிட் மீச் 1999-இல் விளக்கி எழுதினார். தலைவன் என்ற சொல்லைப் பரப்பியவர்களில் அவரும் ஒருவர். அவரே கைவிட்ட கருத்தை வைத்துக்கொண்டு செம்பனைத் தரையில் புரட்டி அழுத்துவதை நான் ஏற்க மாட்டேன்.

இன்னொரு காரணமும் இருக்கிறது. சாப்பிடும்போது பேரன் பக்கத்தில் போனால் செம்பன் உறுமுகிறான் என்று சொன்னாயே, அதைத்தான் முதலில் அடக்குவார்கள். உறுமல் ஓர் எச்சரிக்கை. "தள்ளிப் போ, எனக்குப் பயமாக இருக்கிறது" என்று அவன் தெளிவாகச் சொல்லும் வழி அது. அதைத் தண்டித்து நிறுத்தினால் பயம் அப்படியே உள்ளே இருக்கும், எச்சரிக்கை மட்டும் போய்விடும். அடுத்த முறை நேரே கடித்துவிடலாம்.

அதற்கு நீ செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். பேரனை இதில் சேர்க்காதே. செம்பன் சாப்பிடும் நேரத்தில் பேரன் அந்தப் பக்கமே போகக் கூடாது, நடுவில் ஒரு தடுப்பு வை. செம்பன் சாப்பிடும்போது நீ, அவன் உடல் விறைக்காத தூரத்தில் நடந்து போ. போகும்போதே கிண்ணத்தில் இருப்பதைவிட ருசியான ஒரு துண்டை அவன் பக்கம் எறிந்துவிட்டு நிற்காமல் போய்விடு. அவ்வளவுதான். சில நாள் கழித்து நீ வருவதைப் பார்த்ததும் கிண்ணத்திலிருந்து முகத்தை எடுத்து, வாலைத் தளர்வாக ஆட்டிக்கொண்டு உன் கையைப் பார்ப்பான். அப்போது ஓரடி நெருங்கு. உடல் விறைத்தால், வேகவேகமாக விழுங்கினால் மறுபடி ஓரடி பின்வாங்கு. கிண்ணத்தைப் பிடுங்கிப் பழக்குகிறேன் என்று மட்டும் ஆரம்பிக்காதே. கடித்துவிடுவான் போலிருந்தால் கால்நடை மருத்துவரிடம் கேட்டு, நடத்தைச் சிக்கல்களைக் கவனிக்கும் ஒருவரை வீட்டுக்கு வரவழை.

கிளம்புவதற்குள் வேறு சிலவும் பழக்க வேண்டும். விடுதியில் அவனுக்கு "கைகொடு" என்பது பயன்படாது. அடைப்புக்குள் நிம்மதியாகப் படுக்கத் தெரிய வேண்டும். புதியவர் கை காதிலும் பாதத்திலும் பட்டால் பதறாதிருக்க வேண்டும். நீங்கள் கண்ணில் படாதபோது அழாதிருக்க வேண்டும். கூண்டைத் திறந்தே வை, சாப்பாட்டை உள்ளே வை, அவனாக நுழைந்து வரட்டும். கதவைச் சாத்துவது பிற்பாடு, அதுவும் நொடிக்கணக்கில் தொடங்கி. வீட்டுக்கு வரும் நண்பர்களிடம் தின்பண்டத்தைக் கொடுத்து, காதைத் தொட்டால் ஒரு துண்டு, பாதத்தைப் பிடித்தால் ஒரு துண்டு என்று கொடுக்கச் சொல். வாரை இழுத்தால் நின்றுவிடு; வார் தளர்ந்ததும் நட. இது சலிப்பூட்டும், தெரியும். ஆனால் வீட்டில் உள்ள எல்லோரும் ஒரே மாதிரி செய்தால்தான் அவனுக்குப் புரியும். இந்த விஷயத்தில் மாப்பிள்ளை கொஞ்சம் இளகுகிறார், அவரிடமும் சொல்.

விடுதியைப் படம் பார்த்து முடிவு செய்யாதே. நேரில் போ, முடிந்தால் சொல்லாமல் போ. உள்ளே போய்ப் பார்க்கக் கூடாது என்று சொன்னால் அந்த இடம் வேண்டாம். நாய்கள் இருக்கும் இடத்துக்கும் வெளிவாசலுக்கும் நடுவே இரண்டு கதவு இருக்கிறதா என்று பார். ஒற்றைக் கதவு என்றால், அது திறக்கும் ஒரு நொடி போதும், நாய் தப்பி ஓடிவிடும். இரவில் ஆள் தங்குகிறாரா, கேமரா மட்டும்தானா என்று கேள். எத்தனை நாய்க்கு ஓர் ஆள், எந்தெந்த நாய்களைச் சேர்த்து விளையாட விடுவார்கள், சண்டை வந்தால் எப்படிப் பிரிப்பார்கள் என்று கேள். எல்லாவற்றையும்விட, வேலையாள் உள்ளே வரும்போது நாய்களைப் பார். கம்பியருகே ஓடி வந்து வாலாட்டுகின்றனவா, பின்சுவரோடு ஒண்டுகின்றனவா? இதைவிட நம்பத்தக்க சான்றிதழ் எனக்குத் தெரியாது. தடுப்பூசிச் சீட்டைக் கேட்காமலே சேர்த்துக்கொள்ளும் இடத்தையும் விட்டுவிடு. உன் நாய்க்குக் கேட்காதவர்கள் மற்ற நாய்களுக்கும் கேட்டிருக்க மாட்டார்கள்.

ஊசி விஷயத்தைக் கடைசி வாரத்துக்கு வைக்காதே. வெறிநோய், டிஸ்டெம்பர், பார்வோ என்ற வைரஸ் நோய்கள், எலிக்காய்ச்சல் ஆகியவற்றுக்கான தடுப்பூசிகள் நடப்பில் இருக்க வேண்டும். நாய்கள் கூடும் இடத்தில் பரவும் கென்னல் இருமலுக்குத் தனித் தடுப்பு மருந்து உண்டு. முதல்முறை ஊசியாகப் போட்டால் சில வாரம் இடைவிட்டு இரண்டு தவணை தேவைப்படும். அதனால் இப்போதே மருத்துவரைப் பார். உண்ணிக்கும் குடற்புழுவுக்கும் மருந்து, தோலுக்கடியில் வைக்கும் அடையாளச் சில்லான மைக்ரோசிப்பின் பதிவேட்டில் உன் தற்போதைய தொலைபேசி எண், இவற்றையும் சேர்த்து முடித்துவிடு.

முதலில் ஒரு பகல் விடு. பிறகு ஓர் இரவு. சாப்பிட்டானா, தூங்கினானா என்று கேட்டுத் தெரிந்துகொண்டு அதன்பின் பெரிய பயணத்துக்குத் துணி. அந்த ஓர் இரவில் அவன் நொடிந்துபோனால், விடுதியே வேண்டாம், வீட்டில் வந்து தங்கிப் பார்த்துக்கொள்ளும் ஆளைத் தேடலாம். அதற்கு அவகாசம் இருக்கும்போதே சோதித்துப் பார்.

அவனுடைய வழக்கமான உணவையே ஒவ்வொரு வேளைக்கும் அளந்து பொட்டலம் கட்டிக் கொடு. புது இடம், புது உணவு இரண்டும் சேர்ந்தால் வயிறு கெடும். நீ உடுத்திய துணி ஒன்றைத் துவைக்காமல் கொடு. ஸ்கேன் கருவிக்குள் அசையாமல் படுக்கப் பழக்கிய நாய்களுக்குப் பல மணங்களை முகரக் கொடுத்து 2015-இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். இன்பத்தை எதிர்பார்க்கும் மூளைப் பகுதி, பழகிய மனிதரின் மணத்துக்கே மிக அதிகமாக இயங்கியதாம். ஓரிரு நாள் சரியாகச் சாப்பிடவில்லை என்று சொன்னால் பதறாதே. அதற்கு மேலும் நீடித்தால் மருத்துவரிடம் காட்டச் சொல். விட்டுவிட்டு வரும்போது கட்டிப்பிடித்து அழுதுகொண்டு நிற்காதே, பேரனிடமும் சொல்லி வை. உன் பதற்றம் அவனுக்கு உடனே தெரியும்.

திரும்பி வந்ததும் குடம் குடமாகத் தண்ணீர் குடிப்பான், நாள் முழுவதும் தூங்குவான், தொண்டை கம்மியிருக்கலாம். உணவைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடு. இரண்டு வாரத்துக்குள் வறட்டு இருமல் வந்தால் மற்ற நாய்களிடமிருந்து தள்ளி வைத்து மருத்துவரைப் பார். வீட்டுப் பழக்கங்களில் கொஞ்சம் பின்தங்கியிருப்பான். கோபப்படாமல் முதலிலிருந்து தொடங்கு.

விடுதியில் சிகிச்சைக்கான ஒப்புதல் படிவம் தருவார்கள். அவசரம் வந்தால் யாருக்காகவும் காத்திராமல் சிகிச்சை தொடங்கலாம் என்று அதில் தெளிவாக எழுது, உன் மருத்துவரின் பெயரையும் எண்ணையும் எழுது. நீ விமானத்தில் இருக்கும் நேரத்துக்கு இரண்டாவது எண்ணாக என் எண்ணைக் கொடு. படிவத்தின் நகல் ஒன்றை எனக்கு அனுப்பு. வாரம் ஒருமுறை நான் போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன். அதற்கும் அவர்களிடம் இப்போதே அனுமதி கேட்டு வை.

அன்புடன்,
அம்மா