மர வளைய ஆய்வு வட்டம்: செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும், வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

நிர்வாகக் குழு நான்கு முறை கூடியது. புதியவர்களுக்கு லென்ஸ் வகுப்பு ஒன்று நடந்தது. திட்டமிட்ட இரண்டு களப்பணிகளில் ஒன்றுதான் நடந்தது.

'செயலாளர் வருஷம் முழுக்க உப்புத்தாள்தான் தேய்த்தார்' என்ற பேச்சு என் காதுக்கும் வந்தது. உண்மைதான். சேமிப்பில் இருந்த 5 மி.மீ. கோர்களில் (துளைக்கருவியால் மரத்திலிருந்து எடுத்த மெல்லிய குச்சிகள்) பல, நார் படுத்தவாக்கில் ஒட்டப்பட்டிருந்தன. நார் செங்குத்தாக நின்றால்தான் தேய்த்த முகத்தில் குறுக்குவெட்டு கிடைக்கும். படுத்திருந்தால் நாளங்கள், அதாவது மரத்தில் நீர் ஏறும் நுண்குழாய்கள், கோடுகளாக ஓடி, வளைய எல்லை மங்கிவிடும். நல்லவேளை, ஒட்டியது தண்ணீரில் இளகும் பசை. ஆவி காட்டிப் பிரித்து, திருப்பி ஒட்டி, நூலால் கட்டி, காய்ந்தபின் 120, 220, 400, 600 எண் உப்புத்தாள் என்று படிப்படியாகத் தேய்த்தோம். நடுவில் ஒரு எண்ணைத் தாண்டினால் பழைய கீறல் போகாது. நாளத்துக்குள் அடைந்த தூளை ஊதி எடுக்காவிட்டால் ஸ்கேனில் எதுவும் தெரியாது.

பலன் இல்லாமலில்லை. ஒரே தேக்கில் எடுத்த இரண்டு கோர்களில் ஒன்றில் 47 வளையம், மற்றதில் 48. கூடுதலாக இருந்த இடத்தை மெல்லிய சீவல் எடுக்கும் மைக்ரோடோம் கருவியில் 15 மைக்ரானுக்குச் சீவி, சாஃப்ரனின், ஆஸ்ட்ரா ப்ளூ என்ற இரு சாயங்களும் ஏற்றிப் பார்த்தோம். உண்மையான எல்லையில் பெரிய நாள வரிசை சட்டென்று தொடங்கும். இங்கே இருபுறமும் மெல்ல மாறியது. பருவத்தின் நடுவில் வறண்டு, பிறகு மழை வந்ததன் தடம் அது. இந்தப் போலி வளையத்தை எண்ணியிருந்தால், அதற்கு உட்புறம் உள்ள எல்லா ஆண்டும் ஒன்று பின்தள்ளி, வறட்சி ஆண்டு நல்ல மழை ஆண்டின்மேல் போய் உட்கார்ந்திருக்கும். மழைப் பதிவோடு ஒப்பிட்டதெல்லாம் வீண்.

துளைக்கருவியை வாங்கிப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. கோர் எடுத்த உடனே கருவியைத் திருகி வெளியே எடுங்கள். விட்டுவைத்தால் மரம் இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். முனை சிதைந்தால் கோர் முறுக்கிக்கொண்டு வரும். இம்முறை திரும்பி வந்த கருவியில் துருவும் இருந்தது, முனையில் பல்லும் விழுந்திருந்தது. கோரை பிளாஸ்டிக் குழலில் அடைத்தால் பூஞ்சணம் பிடிக்கும் என்று எத்தனை முறை சொல்வது? காகிதக் குழல் அலமாரியிலேயே இருக்கிறது.

வரவும் செலவும் ஏறத்தாழச் சரிக்குச் சரி, விவரம் பொருளாளரிடம். சந்தா பாக்கி வைத்திருப்போர் பாதிக்கு மேல். அவர்களில் சிலர்தான் களப்பணிக்கும் வரவில்லை. இடம் தந்தவர்களுக்கும் தணிக்கையாளருக்கும் நன்றி.

அடுத்த ஆண்டு மைக்ரோடோம் பிளேடும் சாணைக்கல்லும் வாங்கியாக வேண்டும். எதை வைத்து வாங்குவது என்பது சபையோருக்கே தெரியும். கோர் உருவும் தகடு ஒன்று மூன்று மாதமாகக் காணோம். எடுத்தவர் கேள்வி இல்லாமல் அலமாரியில் வைத்துவிடலாம், சாவி என்னிடம் இருக்கிறது.