நேட்டால் கிறிஸ்தவப் பள்ளியின் பழைய பதிவேடுகளில் ஊர்ப்பெயர் சரிபார்க்க உதவி கோரும் மனு

அனுப்புநர்:
பள்ளி வரலாற்றுக் குழுவினர்,
டர்பன், தென்னாப்பிரிக்கா.

பெறுநர்:
ஆணையர் அவர்கள்,
தமிழ்நாடு ஆவணக் காப்பகங்கள் மற்றும் வரலாற்று ஆராய்ச்சித் துறை,
எழும்பூர், சென்னை.

பொருள்: பழைய தாலுகாவாரி கிராமப் பட்டியல் நகல்களும், ஏடு செப்பனிட ஆலோசனையும் வேண்டுதல் தொடர்பாக.

ஐயா,

வணக்கம். கரும்புத் தோட்ட ஒப்பந்தத் தொழிலாளர்களின் பிள்ளைகளுக்காகச் சபை நடத்திய சிறு தனியார் பள்ளி எங்களுடையது. கட்டடம் சபையார் எழுப்பியது. ஆசிரியர் சம்பளத்துக்கு மட்டும் அரசு மானியம் வந்தது. இனவாரியாகக் குடியிருப்புகளைப் பிரித்த 1950ஆம் ஆண்டின் குழுப் பகுதிகள் சட்டத்தைக் காட்டிக் குடும்பங்களை, இந்தியர்களுக்கென ஒதுக்கிய டர்பன் புறநகரான சாட்ஸ்வர்த்துக்குப் பெயர்த்தபின் வகுப்புகள் காலியாகி, பள்ளி மூடப்பட்டது. இதுவரை எழுதப்பட்ட வரலாறெல்லாம் மிஷனரிமார் படமும் தலைமையாசிரியர் பட்டியலும்தான். படித்த பிள்ளைகள் யார், எந்த ஊர் வம்சம் என்பதைச் சேர்க்கைப் பதிவேட்டிலிருந்துதான் எடுக்க வேண்டும்.

அந்தப் பதிவேடு தனியாகப் பேசாது. 1860 நவம்பர் 16 அன்று 'ட்ரூரோ' கப்பல் டர்பனில் சேர்ந்தது முதல் 1911 வரை இந்தியாவிலிருந்து, டர்பன் அடங்கிய நேட்டால் பகுதிக்கு வந்த ஒப்பந்தத் தொழிலாளர் 1,52,184 பேர். ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர் சென்னையில் கப்பலேறியவர்கள். கப்பல் பட்டியலில் ஒவ்வொருவருக்கும் ஓர் எண், தகப்பன் பெயர், வயது, சாதி, ஜில்லா, தாலுகா, கிராமம் உண்டு. இங்கே பிறந்த பிள்ளைக்கு அந்த எண் கிடையாது. ஆகவே பிள்ளையிலிருந்து பெற்றோருக்கும், பெற்றோரிடமிருந்து எண்ணுக்கும் போக வேண்டும்.

நடுவில் ஞானஸ்நானம் குறுக்கிடுகிறது. சேர்க்கைப் பதிவேட்டில் ஒரு வரி: ரூத், வயது 8, தகப்பன் சாமுவேல், மில் தொழிலாளி. கப்பல் பட்டியலில் சாமுவேலைத் தேடினால் கிடைக்கவே மாட்டார். ஏறியபோது அவர் முனுசாமி. சபையின் ஞானஸ்நானப் பதிவேட்டு ஓரத்தில் பழைய பெயரும் எண்ணும் குறித்திருந்தால் மட்டுமே வழி திறக்கும். குறிக்காமல் விட்ட உபதேசியார்களும் உண்டு! அந்த இடங்களில் வயது, மனைவி பெயர், தோட்டத்தின் பெயர் மூன்றும் பொருந்தினால்தான் ஏற்கிறோம். குடும்பப் பெயரை நம்புவதில்லை. தகப்பன் பெயரே அடுத்த தலைமுறைக்குக் குடும்பப் பெயராகிவிடுவதால் அண்ணன் தம்பி வீடுகளுக்கே வேறு வேறு பெயர்.

இதுவரை எங்களால் முடிகிறது. எண் கிடைத்தபின் கிராமத்தில் தடுமாறுகிறோம். குமாஸ்தா காதில் விழுந்தபடி ஆங்கிலத்தில் எழுதிய பெயர்; 'புதூர்' என்று மட்டும் இருந்தால் எந்தப் புதூர்? இன்றைய மாவட்ட வரைபடத்தில் தேடுவதே முதல் தவறு. வட ஆர்க்காடு என்று பதிவான சித்தூர்ப் பக்கத்து ஊர்கள் 1911இல் தனி மாவட்டமாகி, இன்று ஆந்திரத்தில் இருக்கின்றன. அக்காலத் தாலுகா எல்லையோடு வைத்துப் பார்த்தால்தான் ஊர் பிடிபடும்.

ஆகவே செங்கல்பட்டு, வட ஆர்க்காடு, தென் ஆர்க்காடு, சேலம், தஞ்சாவூர், திருச்சிராப்பள்ளி ஜில்லாக்களுக்கு 1860 முதல் 1911 வரையிலான கிராமப் பட்டியல்களில் தங்களிடம் உள்ளவற்றின் மின் நகல் தந்துதவ வேண்டுகிறோம். நகல் கட்டணத்தை நாங்களே செலுத்துவோம். நிதியுதவி கோரவில்லை.

இரண்டாவது வேண்டுகோள் அவசரமானது. டர்பன் கடலோர ஈரத்தில் ஏடுகளில் பூஞ்சை படர்கிறது. காற்றின் ஈரப்பதம் 65 விழுக்காட்டைத் தாண்டினால் அது நிற்பதில்லை. இரும்புச் சத்துள்ள பழைய மை எழுத்தோடு தாளையும் அரித்து, சில பக்கங்களில் எழுத்து இருந்த இடம் சல்லடையாகக் கிடக்கிறது. லேமினேஷன் செய்துவிடலாம் என்று நல்லெண்ணத்தில் சொல்பவர்களை இதுவரை தடுத்து வைத்திருக்கிறோம். ஒட்டிய பிளாஸ்டிக்கைத் தாள் சேதமாகாமல் பிரிக்க இயலாது. தட்டை ஸ்கேனரில் கவிழ்த்தால் முதுகுத் தையல் விடும் என்பதால், ஏட்டைப் பாதி திறந்து தாங்கியில் வைத்து மேலிருந்து கேமராவில் எடுக்கிறோம். ஒட்டிக்கொண்ட பக்கங்களை மட்டும் தொடவில்லை. தங்கள் செப்பனிடும் பிரிவு அலுவலர் ஒருவர் காணொளி வழியே பார்த்து, பிரிக்கும் முறையைச் சொல்ல ஏற்பாடு செய்யுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம். அசல்கள் டர்பனிலேயே இருக்கும். படங்களின் ஒரு படி தங்கள் காப்பகத்துக்கு வரும். வாழ்ந்துகொண்டிருப்பவர்களின் விவரம் உள்ள பிற்காலப் பக்கங்களை அதில் சேர்க்க மாட்டோம்.

இணைப்பு: பள்ளியின் பெயரும் முகவரியும், கப்பல் பட்டியல் எண்ணுடன் அடையாளம் காணாத ஊர்ப்பெயர்கள், சேதமடைந்த பக்கங்களின் படங்கள்.

இப்படிக்கு,
பள்ளி வரலாற்றுக் குழுவினர்