கயலின் மேற்படிப்பு பற்றி

அன்புள்ள சேகர்,

கடிதம் கிடைத்தது. தங்கச்சிக்கு மூட்டுவலி தணிந்தது பெரிய நிம்மதி.

இயற்பியல் முடித்த கயல், பிரிட்டனில் அரசியல் அறிவியல் படிப்பதா, அறிவியல் தொடர்பியல் (சயின்ஸ் கம்யூனிகேஷன்) படிப்பதா என்று தடுமாறுவதாக எழுதியிருந்தாய். அவள் நினைக்கும் அளவுக்கு இரண்டும் விலகி நிற்கவில்லை. கம்பிரியா ஆடுகளின் கதையை அவளுக்குச் சொல்.

1986-இல் செர்னோபில் அணு உலை விபத்துக்குப் பின் பெய்த மழையோடு வடமேற்கு இங்கிலாந்தின் கம்பிரியா மலைகளில் கதிரியக்கச் சீசியம் இறங்கியது. ஆடுகளை இடம் மாற்றவும் வெட்டவும் தடை விழுந்தது. மூன்று வாரத்தில் சரியாகிவிடும் என்றார்கள் அரசு விஞ்ஞானிகள். அவர்கள் போட்ட கணக்கு, சீசியத்தை இறுகப் பிடித்துக்கொள்ளும் களிமண்ணை வைத்து. மலையில் இருந்ததோ மட்கிய தாவரம் மண்டிய பீட் மண். அதில் சீசியம் வேர்வழியே மறுபடி புல்லுக்கு ஏறியது, புல்லிலிருந்து ஆட்டுக்கு. சில பண்ணைகளில் கட்டுப்பாடு 2012 வரை நீடித்தது. லங்காஸ்டர் பல்கலைக்கழகத்தின் பிரையன் வின் அந்த விவசாயிகளிடம் பேசி ஆராய்ந்தார். மக்களுக்கு அறிவியல் புரியாததல்ல அங்கே சிக்கல். மலையும் மேய்ச்சலும் அறிந்தவர்களை நிபுணர்கள் கலந்துகொள்ளவில்லை. உறுதியாகாததை உறுதிபோலச் சொன்னார்கள். நம்பிக்கை போனது அதனால்தான். அறிவியல் தொடர்பியலின் பாதி இந்த அரசியல்தான்.

விண்ணப்பத்தோடு அனுப்பும் நோக்க அறிக்கையான எஸ்.ஓ.பி.யில் பலர் சறுக்கும் இடமும் இதுவே. "பாமரருக்கு அறிவியலை எளிமையாக விளக்க ஆசை" என்று எழுதுவார்கள். அறியாமையை நிரப்பினால் போதும் என்ற அந்தப் பார்வையை இந்தத் துறை கேள்வி கேட்டுப் பல காலமாகிறது. 2000-இல் பிரிட்டன் பிரபுக்கள் சபைக் குழுவின் அறிக்கையே மக்களோடு உரையாடுவதை வலியுறுத்தியது. கயல் ஏதாவது ஒரு சர்ச்சையை எடுத்து, யார் முடிவெடுத்தார்கள், யாரைக் கேட்கவில்லை என்று இரண்டு பத்தி எழுதட்டும்.

அங்கே முதுகலை பெரும்பாலும் ஓராண்டு, 180 கிரெடிட். ஒரு கிரெடிட்டுக்குப் பத்து மணி நேர உழைப்பு என்று கணக்கு. ஆய்வேட்டுக்கு வழக்கமாக 60 போய்விடும். மீதியில் கொள்கை, அறிவியலும் சமூகமும் போன்ற தாள்கள் எத்தனை என்று அவள் எண்ணிப் பார்க்கட்டும். எல்லாமே காணொளித் தயாரிப்பும் கட்டுரைப் பயிற்சியும் என்றால் எனக்குத் திருப்தி இல்லை. லண்டன் இம்பீரியல் கல்லூரி 1991 முதல் அறிவியல் தொடர்பியல் படிப்பை நடத்துகிறது. முதலில் அதன் பாடத்திட்டத்தைப் படித்துவிட்டு மற்றவற்றோடு ஒப்பிடச் சொல். அரசியல் அறிவியலென்றால், இயற்பியல் பட்டத்தை ஏற்பார்களா என்று அந்தந்தத் துறைக்கு முன்கூட்டியே மின்னஞ்சல் எழுதிக் கேட்டுவிட வேண்டும். புள்ளியியல் தாள்களில் அவளுக்குச் சிரமம் இருக்காது.

விசாவுக்கு, கட்டாத கட்டணமும் ஒன்பது மாதச் செலவுத் தொகையும் கணக்கில் தொடர்ந்து 28 நாள் இருக்க வேண்டும். நடுவில் ஒரு நாள் குறைந்தாலும் நிராகரிப்பார்கள். உன் கணக்கைக் காட்டினால் அவள் பிறப்புச் சான்றிதழும் உன் சம்மதக் கடிதமும் சேர்த்து வை.

எஸ்.ஓ.பி. வரைவை எனக்கு அனுப்பச் சொல். பார்த்துத் திருத்தி அனுப்புகிறேன்.

அன்புடன்,
மூர்த்தி