கீழையூரில் பளிங்குத் தூண் எப்போது கிடைத்தது? மெய்நிகர் அரங்கு அமைத்தவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரியீர்,

வணக்கம். காவிரிப்பூம்பட்டினத்தை, கண்ணில் மாட்டிப் பார்க்கும் ஹெட்செட்டுக்குள் எழுப்பிக் காட்டும் உங்கள் அரங்குக்குச் சென்ற மாதம் எங்கள் எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் 42 பேரை அழைத்து வந்திருந்தேன். அரங்கின் பெயரை இங்கே எழுதவில்லை, உங்களுக்கே தெரியும். ஆறு ஹெட்செட்டில் இரண்டுதான் அன்று வேலை செய்தன. ஆளுக்கு நான்கு நிமிடம் என்று ஒன்றரை மணி நேரம் பிள்ளைகள் வராந்தாவில் உட்கார்ந்திருந்தார்கள். அதைப் பார்வையாளர் ஏட்டிலேயே எழுதிவிட்டேன், போகட்டும்.

இந்த மடல் ஒரு விடைத்தாளைப் பற்றியது.

சென்ற வாரம் வகுப்புத் தேர்வில் ஒரு கேள்வி கேட்டிருந்தேன்: பூம்புகார்ப் பகுதி அகழாய்வில் கிடைத்தவை யாவை? கீழையூரில் செங்கல் படகுத்துறை, படகைக் கட்டிவைக்கும் மரத்தூண்கள், வானகிரியில் நீர்த்தேக்கம், பல்லவனீச்சுரத்தில் பௌத்த விகாரம் என்று பாடம் நடத்தியிருந்தேன். நன்றாகப் படிக்கிற பெண் ஒருத்தி எழுதியிருந்தாள்: "ஏழு மாடி அரண்மனை, பளிங்குத் தூண்கள், கலங்கரை விளக்கம்." தவறு போட்டேன். விடைத்தாளை எடுத்துக்கொண்டு வந்தாள். "நான் கண்ணால பார்த்தேனே டீச்சர். அந்த விளக்கு மேல ஏறிக்கூட நின்னேன்."

படகுத்துறையின் படத்தைக் காட்டினேன். நாலு வரிசைச் செங்கல். மரியாதைக்குத் தலையாட்டிவிட்டுப் போய் உட்கார்ந்தாள். அவள் நம்பவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது. எப்படி நம்புவாள்? நான் காட்டியது செங்கல், நீங்கள் காட்டியது மாளிகை.

கற்பனையே கூடாது என்று நான் சொல்லவரவில்லை. மண்ணுக்குள் அடித்தளம்தான் கிடைக்கும். கூரையை யாராவது யோசித்துத்தான் வரைய வேண்டும். எது மண்ணில் கிடைத்தது, எது இலக்கியத்தில் இருக்கிறது, எது உங்கள் யூகம் என்பதைத் திரையிலேயே பிரித்துக் காட்டுங்கள் என்றுதான் கேட்கிறேன். கலங்கரை விளக்கம் சிலப்பதிகாரத்தில் இருக்கிறது, அகழாய்வில் இல்லை. அப்படியே சொல்லிவிட்டால் பிள்ளைக்கு இரண்டும் புரியும்.

இது புதிய கோரிக்கையும் இல்லை. பழஞ்சின்னங்களைக் கணினியில் காட்டுவோருக்காக 2006-ல் உருவான லண்டன் சாசனம் என்ற நெறிமுறை இதைத்தான் சொல்கிறது: கணினியில் எழுப்பிக் காட்டும்போது, இருப்பது எது, சான்றை வைத்து மீட்டது எது, ஊகித்தது எது என்பது பார்ப்பவருக்குத் தெரிய வேண்டும். கி.பி. 320-ஆம் ஆண்டின் ரோம் நகரைக் கணினியில் கட்டிய 'ரோம் ரீபார்ன்' குழுவினர் ஏறத்தாழ 7,000 கட்டடங்களை வைத்தார்கள். இடமும் உருவமும் நன்றாகத் தெரிந்தவை அவற்றில் சில நூறுதான். அவை ஒரு வகை, மற்றவை வேறு வகை என்று பிரித்தே வைத்தார்கள். அதனால் ரோமின் மதிப்பு குறைந்துவிடவில்லை.

யூகத்தையாவது கொஞ்சம் படித்துவிட்டுச் செய்திருக்கலாம். உங்கள் நாளங்காடியில், அதாவது பகல் சந்தையில், சிவப்பாக மிளகாய் வற்றல் குவித்து வைத்திருக்கிறீர்கள். மிளகாய் இந்த நாட்டுக்கு வந்தது 1500-க்குப் பிறகு, போர்ச்சுகீசியர் புண்ணியத்தில். கோவலன் வீட்டு ரசத்தில் மிளகுதான் இருந்திருக்கும். சரக்கு மூட்டைகளில் சோழரின் புலிச் சின்னம் பொறித்ததைப் பட்டினப்பாலை விவரமாகவே சொல்கிறது. உங்கள் துறைமுகத்தில் நூறு மூட்டை இருந்தும் ஒன்றில்கூடப் புலியைக் காணோம். இலவசமாகக் கிடைத்த தகவலை விட்டுவிட்டுப் பளிங்குக்குச் செலவழித்திருக்கிறீர்கள். பின்னணிக் குரலும் ஆங்கிலத்தில். கண்ணகி ஊரைத் தமிழில் சொல்ல ஆள் கிடைக்கவில்லை போலும்.

எங்கள் பக்கத்தில் ஒரு மண்மேடு இருக்கிறது. மழை பெய்தால் பானை ஓடு தானாகவே மேலே வரும். அங்கே ஒரு பெயர்ப்பலகை நட ஆறு வருடமாக மனு கொடுக்கிறோம், நிதி இல்லையாம். ஹெட்செட் வாங்க மட்டும் எங்கிருந்தோ... சரி, அது வேறு கதை. அதற்கு நீங்கள் பொறுப்பில்லை. மன்னிக்கவும்.

கேட்க வந்ததை மறுபடியும் சொல்லிவிடுகிறேன். முழுவதையும் புதிதாகச் செய்ய வேண்டாம். ஒரு பொத்தான் போதும். அதை அழுத்தினால் அகழாய்வில் கிடைத்தது ஒரு நிறத்திலும், இலக்கியத்தில் உள்ளது இன்னொரு நிறத்திலும், ஓவியரின் யூகம் சாம்பல் நிறத்திலும் தெரியட்டும். கூடவே தமிழில் இரண்டு வரி விளக்கம். நகரத்தில் பாதி சாம்பலாகத் தெரிந்தாலும் பரவாயில்லை. இன்னும் தோண்ட வேண்டியது எவ்வளவு இருக்கிறது என்று பிள்ளைகள் தெரிந்துகொள்வார்கள்.

ஜனவரியில் அடுத்த பிரிவுப் பிள்ளைகளை அழைத்து வர நினைக்கிறேன். அதற்குள் முடியுமா என்று தயவுசெய்து ஒரு வரி பதில் எழுதுங்கள். பொத்தானுக்கு நாளாகும் என்றால், அந்த மிளகாயை மட்டுமாவது முதலில் எடுத்துவிடுங்கள்.

இப்படிக்கு,
ஓர் அரசுப் பள்ளி சமூக அறிவியல் ஆசிரியை