ஹெபடைடிஸ் பி உள்ள தாய்மாரின் குழந்தைகளுக்கு 9ஆம் மாதத்தில் ரத்தப் பரிசோதனை கோரி மனு

அனுப்புநர்:
தாய்சேய் நலப் பணியில் உள்ள செவிலியர்கள், ஆய்வக நுட்புநர்கள்,
சென்னை.

பெறுநர்:
இயக்குநர் அவர்கள்,
பொது சுகாதாரம் மற்றும் நோய்த்தடுப்பு மருந்துத் துறை,
தேனாம்பேட்டை, சென்னை.

பொருள்: தடுப்பூசி பலன் தந்ததா என்று பார்க்கும் பரிசோதனையை வழக்கமாக்கக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா/அம்மா,

கர்ப்பிணிக்கு எச்.பி.எஸ்.ஏஜி (கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் பி வைரஸின் மேற்பரப்புப் புரதம், தொற்றின் அடையாளம்) பாசிட்டிவ் என்று தெரிந்தால், குழந்தை பிறந்த 24 மணி நேரத்துக்குள் தொடையில் 0.5 மி.லி. தடுப்பூசியும், 12 மணி நேரத்துக்குள் மறு தொடையில் இம்யூனோகுளோபுலினும் (உடனடிப் பாதுகாப்பு தரும் ஆயத்த எதிர்ப்பொருள்) போடுகிறோம். பிறகு 6, 10, 14 வாரங்களில் ஹெபடைடிஸ் பி மருந்தும் அடங்கிய பென்டாவேலன்ட் (ஐந்து நோய்களுக்கான கூட்டுத் தடுப்பூசி). அதோடு கோப்பு மூடிவிடுகிறது. குழந்தைக்கு எதிர்ப்பாற்றல் வந்ததா, தொற்றே வந்துவிட்டதா என்று யாரும் பார்ப்பதில்லை.

தடுப்பூசி நல்லதுதான். முழுத் தவணையும் போட்ட குழந்தைகளில் 95 விழுக்காட்டுக்கு மேல் பாதுகாப்பு கிடைக்கிறது. எஞ்சியவர்கள் யார் என்பது ரத்தம் பார்க்காமல் தெரியாது. பிறப்பின்போது தொற்றிய குழந்தைகளில் சுமார் 90 விழுக்காட்டினருக்கு அது நாள்பட்ட நோயாகிறது. பல ஆண்டுகள் அறிகுறியே இருக்காது. பலன் குறையக் காரணங்களும் கண்ணுக்குத் தெரியாதவை: ஐஸ் பெட்டியில் உறைந்துபோன மருந்து, 2 கிலோவுக்குக் குறைந்த எடை, தள்ளிப்போன முதல் தவணை, தாய்க்கு மிக அதிக வைரஸ் அளவு.

9 மாதம் முடிந்ததும் தட்டம்மை–ரூபெல்லா ஊசிக்குத் தாய் எப்படியும் வருகிறார். அன்றே ரத்தம் எடுக்க ஆணையிட வேண்டுகிறோம். அதற்கு முன் எடுக்கக் கூடாது. இம்யூனோகுளோபுலின் வழியே வந்த எதிர்ப்பொருள் அதுவரை ரத்தத்தில் இருக்கக்கூடும், முடிவு பொய்யான நிம்மதி தரும். பார்க்க வேண்டியவை இரண்டே: எச்.பி.எஸ்.ஏஜி, அளவோடு ஆன்டி-எச்.பி.எஸ் (பாதுகாப்பு தரும் எதிர்ப்பொருள்). கார்டு டெஸ்ட் முன்னதைத்தான் காட்டும். பின்னதற்கு, அளவைக் காட்டும் எலைசா போன்ற ஆய்வக முறை வேண்டும். ஆன்டி-எச்.பி.சி. (வைரஸின் உட்கருப் புரதத்துக்கு எதிரான எதிர்ப்பொருள்) பரிசோதனை வேண்டாம். தாயிடமிருந்து வந்த அந்த எதிர்ப்பொருள் 2 வயது வரை கூட இருக்கலாம். அதைப் பார்த்து வீட்டார் வீணாகக் கலங்குவார்கள். 2 மி.லி. ரத்தம் போதும். சீரத்தை (ரத்தத்தின் தெளிந்த நீர்ப்பகுதி) பிரித்து 2 முதல் 8 டிகிரி செல்சியஸில் வைத்து, கிண்டி கிங் இன்ஸ்டிடியூட் போன்ற ஆய்வகத்துக்கு அனுப்பலாம்.

எச்.பி.எஸ்.ஏஜி இல்லை, ஆன்டி-எச்.பி.எஸ் மில்லிலிட்டருக்கு 10 மில்லி சர்வதேச அலகோ அதற்கு மேலோ என்றால் குழந்தை பாதுகாப்பாக உள்ளது. எச்.பி.எஸ்.ஏஜியும் இல்லை, ஆன்டி-எச்.பி.எஸ்ஸும் 10க்குக் குறைவு என்றால் ஒரு தவணை கூடுதலாகப் போட்டு, 1–2 மாதத்தில் மறுபடி பார்த்து, அப்போதும் 10க்குக் குறைவென்றால் மேலும் 2 தவணை போட வேண்டும். இங்கேதான் சிக்கல். தனி ஹெபடைடிஸ் பி மருந்து பச்சிளங்குழந்தைகளுக்கென்றே வருவதால், 9 மாதக் குழந்தைக்கு எடுத்துப் போட எழுத்து மூல அனுமதி தேவை. எச்.பி.எஸ்.ஏஜி பாசிட்டிவ் என்றால் குழந்தை மருத்துவரிடம் அனுப்ப ஒரு இடத்தைக் குறிப்பிட்டுத் தர வேண்டும்.

பல தாய்மார் பிரசவத்துக்குத் தாய்வீடு போய், மூன்றாம் மாதமோ ஐந்தாம் மாதமோ திரும்புகிறார்கள். ராயபுரத்தில் பிறந்த குழந்தை 9ஆம் மாதத்தில் திருவள்ளூரில் இருக்கும். எனவே தாயின் பிக்மி (அரசின் கர்ப்பிணி, குழந்தை கண்காணிப்பு இணையத்தளம்) பதிவோடு குழந்தையின் பரிசோதனை நாளையும் இணைத்து, அந்தப் பகுதிச் செவிலியருக்குத் தகவல் போகச் செய்ய வேண்டும். தடுப்பூசி அட்டையில் நோயின் பெயரை எழுதக் கூடாது, குறியீடு போதும். அட்டை மாமியார் கையிலும் அக்கம்பக்கத்தார் கையிலும் போகிறது. தாய்ப்பாலை நிறுத்தத் தேவையில்லை என்பதையும் அதே நாளில் வாய்மொழியாகச் சொல்ல அறிவுறுத்துங்கள். பயந்து புட்டிப்பாலுக்கு மாறும் வீடுகள் இன்றும் உண்டு.

முதற்கட்டமாகச் சென்னையின் நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையங்களில் தொடங்க ஆணை பிறப்பிக்குமாறு கேட்டுக்கொள்கிறோம். தேவையான படிவத்தின் வரைவைத் தயாரித்துத் தர ஆயத்தமாக உள்ளோம்.

இப்படிக்கு,
மனுதாரர்கள்