பைக் வேண்டாம், ரயிலில் போ

டேய் பாலு,

எழுதி ரொம்ப நாளாகிவிட்டது, திட்டு, வாங்கிக்கொள்கிறேன். இங்கே எல்லோரும் நலம். குருவியின் பெண்ணுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருக்கிறது, உனக்கும் போன் வந்திருக்கும். சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

வியட்நாமில் ஹனோயில் வாடகை பைக் எடுத்து தெற்கே சைகோன் வரை நீ ஓட்டப்போவதாகவும், செல்வியும் அம்மாவும் பஸ்ஸில் பின்னால் வருவதாகவும் கேள்விப்பட்டதிலிருந்து மனசே சரியில்லை. ஏலகிரியை ராத்திரி மழையில் இறங்கியவன் நீ, ஓட்டுவதில் எனக்குச் சந்தேகம் இல்லை. லைசென்ஸ்தான் சிக்கல். நம் ஊர் ஆர்டிஓ தருகிற சர்வதேச ஓட்டுநர் அனுமதி 1949 சாலைப் போக்குவரத்து ஒப்பந்தப்படியானது, வியட்நாம் சேர்ந்திருப்பது 1968 ஒப்பந்தத்தில். அதனால் அது அங்கே செல்லாது. வாடகைக் கடையில் யாரும் இதைக் கேட்கமாட்டார்கள், சாவியைக் கொடுத்துவிடுவார்கள். எங்காவது விழுந்து கால் முறிந்து ஆஸ்பத்திரியில் கிடந்தால்தான் இன்சூரன்ஸ்காரர்கள் முதல் கேள்வியாக அதைக் கேட்பார்கள். மொழி தெரியாத ஊரில் அந்த பில்லை வைத்துக்கொண்டு செல்வி யாரிடம் போய் நிற்பாள்? யோசித்துப் பார்.

ரயிலில் போடா. ஹனோய் முதல் சைகோன் வரை 1,726 கிலோமீட்டர், மீட்டர் கேஜ், ஒரே மூச்சில் போனால் ஒன்றரை நாள் ஆகும். 1936-ல் முடித்த பாதை. நாடு இரண்டானபோது துண்டுபட்டு, போர் முடிந்து 1976 கடைசியில்தான் மறுபடி முழுசாக ஓடியது. குண்டுபட்ட பாலங்களையெல்லாம் திரும்பக் கட்டி ஓட்டியிருக்கிறார்கள் என்று நினைத்தாலே எனக்குச் சிலிர்க்கிறது.

நீங்கள் ஒரே மூச்சில் போக வேண்டாம். ஹனோயில் சாயங்காலம் ஏறினால் காலையில் நடுவழியில் இருக்கிற ஹுவே நகரம். நான்கு பெர்த் உள்ள கேபினாகப் பார்த்து அம்மாவுக்குக் கீழ் பெர்த் போடு, ஆறு பெர்த் கேபினில் மேல்தட்டில் நிமிர்ந்து உட்காரவே முடியாது. பெட்டிக் கோடியில் வெந்நீர்க் குழாய் இருக்கும், அம்மாவின் ஹார்லிக்ஸுக்குக் கவலை இல்லை.

அப்புறம் ஹுவேயிலிருந்து டா நாங், இதைப் பகலில்தான் போகவேண்டும். நூறு கிலோமீட்டர்தான், ஆனால் மூன்று மணி நேரம் ஆகலாம். லாங் கோ காயல் தாண்டியதும் வண்டி ஹாய் வான் மலையின் கடலோர விளிம்பில் ஏறும். தெற்கே போகும்போது இடது பக்க ஜன்னல். கீழே மரங்களுக்கு நடுவே ஆள் போகாத சின்னச் சின்ன மணல் திட்டுகள், வளைவில் திரும்பினால் நம் வண்டியின் முன்பெட்டிகளே பாறையை ஒட்டிப் போவது தெரியும். பஸ்ஸில் போனால் இது எதுவும் கிடையாது, 2005-ல் திறந்த ஆறு கிலோமீட்டர் சுரங்கத்துக்குள் நுழைந்து வெளியே வந்துவிடும்.

ஸ்லீப்பர் பஸ் அம்மாவுக்கு ஆகவே ஆகாது. ஏறும்போதே செருப்பைக் கழற்றி பிளாஸ்டிக் பையில் போடச் சொல்வார்கள். முன் படுக்கைக்காரரின் தலைக்குக் கீழே இருக்கிற பெட்டிக்குள் காலை நுழைத்துப் படுக்கவேண்டும், அந்த முழங்காலை வைத்துக்கொண்டு எப்படி?

ஹோய் ஆனுக்கு ரயில் கிடையாது, டா நாங்கில் இறங்கி கார் எடு, முப்பது கிலோமீட்டர்தான். ஊருக்குள் போன் ஆப்பில் கிராப் பைக் டாக்ஸி கூப்பிடு, ஹெல்மெட் அவர்களே தருவார்கள், காசு முன்கூட்டியே போனில் தெரிந்துவிடும். பின்னால் உட்கார்ந்து பைக் ஆசையைத் தீர்த்துக்கொள், போதும்.

அவர்களுடைய டெட் புத்தாண்டு சமயம் மட்டும் தேதி வைக்காதே, நாடே ஊருக்குக் கிளம்பும், டிக்கெட் கிடைக்காது. பயணத் தேதியை அனுப்பு, எந்த வண்டி சரிப்படும் என்று உட்கார்ந்து பார்த்துச் சொல்கிறேன். அதுவரை பைக்குக்கு முன்பணம் கட்டாதே.

உன்,
சேகர்