தீப்பயிற்சி என்றைக்கு? கூட்டுரிமை வீடுகளின் நிர்வாகக் குழுக்களுக்கு ஒரு திறந்த மடல்

நிர்வாகக் குழு உறுப்பினர்களுக்கு வணக்கம்.

சிங்கப்பூர்ப் பாதுகாவல் துறையில் பல ஆண்டுகளாக இருக்கிறேன், இப்போது இரவுப் பணி மேற்பார்வையாளர். உங்களைப் போன்றவர்கள் நிர்வகிக்கும் கூட்டுரிமைக் (காண்டோமினியம்) குடியிருப்புகளில்தான் என் வேலை. அடுத்த பாதுகாவல் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுவதற்கு முன்பு இதைப் படித்துவிடுங்கள்.

இப்போது எந்தக் கூட்டத்திலும் செலவுதான் பேச்சு என்பது எனக்கும் தெரியும். படிப்படியான சம்பள உயர்வு முறையின்படி ஆரம்பநிலைப் பாதுகாவல் அதிகாரியின் மாதச் சம்பளம் 2024இல் 2,650 வெள்ளி, 2028இல் 3,530 வெள்ளி. நாளுக்கு 12 மணி நேரம் நிற்கிறவர்களுக்கு அது என்றைக்கோ வந்திருக்க வேண்டிய சம்பளம். செலவு கூடியதும் சில இடங்களில் இரவு ஆளைக் குறைத்துவிட்டு, கேமராவும் தானியங்கித் தடுப்பும் வைக்கிறார்கள். கேமரா வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் இரண்டு பேர் பார்த்த வேலை ஒருவர் தலையில் விழுகிறதே, ஆபத்து வந்தால் அந்த ஒருவர் எதை முதலில் செய்வார்? இதை யாரும் உட்கார்ந்து யோசிப்பதில்லை. என் ஆதங்கம் அதுதான்.

இரவு மூன்று மணி என்று வைத்துக்கொள்ளுங்கள். காவல் சாவடியில் தீ எச்சரிக்கைப் பலகை கத்துகிறது, சிவப்பு விளக்கு எரிகிறது. எந்த புளோக், எந்த மாடி என்று பார்க்க வேண்டும். அவசர எண் 995ஐ அழைக்க வேண்டும். மேலே போய் நிலவரம் பார்க்க வேண்டும். தீயணைப்பு வண்டி வரும் பாதையை மறித்து நிற்கும் கார் யாருடையது என்று கண்டுபிடித்து எடுக்கச் சொல்ல வேண்டும். தடுப்பைத் திறந்து, வருகிற வண்டிக்கு வழிகாட்ட வேண்டும். இதற்கிடையில் சாவடித் தொலைபேசி விடாமல் அடிக்கிறது: “என்னங்க, கீழே இறங்கணுமா, வேணாமா?” பதினான்காம் மாடியில் சக்கர நாற்காலியில் ஒரு பாட்டி இருக்கிறார் என்பது அந்த அதிகாரிக்குத் தெரியும். பகல் பணியில் இருந்தபோது, தினமும் சாயங்காலம் பணிப்பெண் அவரைக் கீழே கூட்டி வருவதைப் பார்த்திருக்கிறார். உங்கள் அவசரகாலக் கோப்பில் அந்தப் பாட்டி இல்லை. அந்தக் கோப்பை எழுதும்போது எங்களை யாரும் கேட்கவும் இல்லை.

தீச்சம்பவத்துக்கு 8 நிமிடத்திலும் மருத்துவ அவசரத்துக்கு 11 நிமிடத்திலும் வந்து சேர்வதைத் தீயணைப்பு, ஆம்புலன்ஸ் சேவைகளை நடத்தும் குடிமைத் தற்காப்புப் படை இலக்காக வைத்திருக்கிறது. அவர்கள் வரும்வரை அந்த இடத்தில் இருப்பது நாங்கள்தான். இதயத் துடிப்பு நின்றவருக்கு சிபிஆர் (நெஞ்சை அழுத்திச் செய்யும் முதலுதவி) கிடைக்காமல் போகும் ஒவ்வொரு நிமிடத்துக்கும் பிழைக்கும் வாய்ப்பு 7 முதல் 10 விழுக்காடு குறைகிறது. நான் வேலை பார்த்த ஓர் இடத்தில், நின்ற இதயத்தை மின்னதிர்ச்சி கொடுத்து மீட்க உதவும் ஏஇடி கருவியை நிர்வாக அலுவலகத்துக்குள் வைத்திருந்தார்கள். மாலை ஆறு மணிக்கு அலுவலகத்தைப் பூட்டிச் சாவியை மேலாளர் எடுத்துக்கொண்டு போய்விடுவார். காவல் சாவடிக்கு மாற்றுங்கள் என்று எழுதிக் கொடுத்தோம். திருடு போய்விடும் என்று பதில் வந்தது. இருபத்துநான்கு மணி நேரமும் ஆள் இருக்கும் ஒரே இடம் காவல் சாவடிதான்!

2025 ஏப்ரலில் ரிவர் வேலி சாலையில் கடைவீட்டுக் கட்டடம் தீப்பிடித்தபோது, பக்கத்தில் வேலை செய்துகொண்டிருந்த வெளிநாட்டு ஊழியர்கள் சாரத்தையும் ஏணியையும் வைத்து ஏறிப் பிள்ளைகளை இறக்கினார்கள். அவர்களில் நம் தமிழ்த் தம்பிகளும் இருந்தார்கள். அந்தக் கட்டடத்துக்கும் அவர்களுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. அப்படியிருக்க, உங்கள் வளாகத்தின் ஒவ்வொரு படிக்கட்டும் தெரிந்தவர் ஒழுங்காகப் பழகியிருந்தால் என்னவெல்லாம் செய்ய முடியும் என்று யோசித்துப் பாருங்கள்.

பயிற்சியே இல்லை என்று சொல்ல வரவில்லை. பயங்கரவாத மிரட்டலை அடையாளம் காணும் வகுப்பை நாங்கள் முடித்திருக்கிறோம். 2016இல் பயங்கரவாதத்துக்கு எதிரான எஸ்ஜிசெக்யூர் தேசிய இயக்கம் வந்ததிலிருந்து ‘ஓடு, ஒளி, சொல்’ என்பது எங்களுக்கு மனப்பாடம். ஆனால் உங்கள் கார்ப்பேட்டையில் எந்தக் கதவு உள்ளிருந்து மட்டும் திறக்கும் என்பதை எந்த வகுப்பிலும் கற்றுத்தர முடியாது. அதை அந்த இடத்திலேயே செய்து பழக வேண்டும். நடப்பது என்ன? தீப்பயிற்சியைக் குடியிருப்பாளர்களின் வசதிக்காகச் சனிக்கிழமை காலை பத்து மணிக்கு வைக்கிறீர்கள். அப்போது இரவு அதிகாரி வீட்டில் தூங்கிக்கொண்டிருப்பார். மலேசியாவின் ஜோகூரிலிருந்து வந்து போகிறவர் என்றால் கடற்பாலத்தைத் தாண்டிப் போயிருப்பார். சம்பளமில்லாமல் ஓய்வு நாளில் வாருங்கள் என்று அவரைக் கூப்பிட எனக்கு வாய் வருவதில்லை.

நான் பார்த்த ஒப்பந்தங்களில் சுற்றுக் காவலின்போது ஓரிடத்தில் ஸ்கேன் செய்யத் தவறினால் எவ்வளவு அபராதம் என்பது விளக்கமாக இருக்கும். பயிற்சி நேரத்துக்குச் சம்பளம் யார் தருவார் என்று ஒரு வரி இருக்காது. தலையை எண்ணாமல், நடக்க வேண்டிய வேலையைச் சொல்லி வாங்கும் ஒப்பந்த முறைக்கு அரசாங்க அமைப்புகள் 2020 மே மாதம் முதல் மாறிவிட்டன. நீங்களும் மாறலாம்.

இன்னொன்று. பாதுகாவல் அதிகாரிகளைத் தாக்குவோருக்கும் திட்டித் துன்புறுத்துவோருக்கும் தண்டனையைக் கடுமையாக்கும் சட்டத் திருத்தம் 2021இல் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. நல்லதுதான். ஆனால், “யாரைப் பார்க்க வந்தீர்கள்?” என்று கேட்டதற்காகத் திட்டு வாங்கியவரையே மன்னிப்புக் கேட்கச் சொல்லும் நிர்வாகம் இருந்தால், அடுத்த முறை அவர் யாரையும் நிறுத்திக் கேட்கமாட்டார். சந்தேகத்துக்குரிய ஆள் உள்ளே வருவது அப்படித்தான்.

சரி, நான் கேட்பது இவ்வளவுதான். புதிய ஒப்பந்தத்தில் ஆண்டுக்கு இரண்டு பயிற்சிகளைச் சம்பளத்தோடு எழுதுங்கள், அதில் ஒன்றாவது இரவில் நடக்கட்டும். அவசரகாலக் கோப்பைத் திருத்தும்போது பகல் மேற்பார்வையாளரையும் இரவு மேற்பார்வையாளரையும் உட்கார வைத்துப் பேசுங்கள். ஏஇடி கருவி பூட்டிய அறைக்குள் இருந்தால் அதை வெளியே எடுத்து வைக்க ஒப்பந்தம் முடியும்வரை காத்திருக்க வேண்டாம். இந்த வாரமே செய்துவிடுங்கள்.

இப்படிக்கு,
இரவுப் பணி மேற்பார்வையாளர் ஒருவர்